நகைச்சுவையும் இரவற் குரலும்

ஒருவர் அழுவதைக் கண்டால், அவருடைய மொழி விளங்காவிட்டாலும் காண்பவர் உள்ளம் கலங்கும். ஒருவர் சொல்லும் வேடிக்கையைக் கேட்டுச் சிரிப்பதற்கோ அவர் மொழி விளங்கவேண்டும். மொழி விளங்கினால் மட்டும் போதாது. அந்த மொழியை அவர் எவ்வாறு பேசுகிறார், அவ்வாறு பேசுபவர் எந்த ஊரார், எத்தொழிலார் என்பதும் கேட்பவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். இதனாலேயே கடல் கடந்து வரும் கதைகளுள் சோகக்கதை எளிதிற் குடியேறிவிடுகிறது. நகைச்சுவைக் கதையோ துறைமுகத்திலேயே தடுமாறி நிற்கிறது.

பிறநாட்டு நகைச்சுவைப் படமொன்று தமிழ்க் குரலைப் பெறும்போது அதன் சிரிப்புக்கு என்ன நேர்கிறது என்பது சிறிய வினாவாகத் தோன்றலாம். ஆயினும் கொழும்பு மாநகரின் பம்பலப்பிட்டி போன்ற ஓரிடத்திலிருந்து நோக்குமிடத்து, அது எவருடைய தமிழ் தமிழாகக் கொள்ளப்படுகிறது என்னும் பெரிய வினாவாக விரிந்து செல்கிறது.

நகை பிறக்கும் இடங்களைப் பழந்தமிழர் நுணுகி ஆராய்ந்துள்ளனர். மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்த தொல்காப்பியர், அது தோன்றும் நிலைக்களங்கள் நான்கு என்றார். அந்தப் பகுதிக்கு உரை கண்ட இளம்பூரணர், செயிற்றியனார் என்பாரின் பழைய சூத்திரமொன்றை எடுத்துக் காட்டுகிறார். நகை தோன்றும் இடங்களை வரிசைப்படுத்தும் அச்சூத்திரத்தில், ஆரியர் பேசும் தமிழும் ஓரிடம் பெறுகிறது. வேற்றுமொழியார் வாயில் தமிழ் படும் பாடு சிரிப்பை விளைக்கும் என்பதை இத்துணைப் பழங்காலத்திலேயே இலக்கணமாக வகுத்திருக்கின்றனர். சொல்லின் பொருளில் மட்டுமன்றி, சொல்லுகின்ற தோரணையிலும் நகை உறைகிறது என்பதே இதனாற் பெறப்படுவது. மொழிமாற்றப் படங்களின் வரலாறு முழுவதும் இந்த ஓர் உண்மையின் விரிவுரை எனலாம்.

சலனப்படம் ஊமையாக இருந்த காலத்தில் இத்தொல்லை பெரிதாக எழவில்லை. 1914ஆம் ஆண்டில் திரையிலே தோன்றிய சார்லி சப்ளின், சில ஆண்டுகளுக்குள் உலகெங்கும் அறிந்த முகமானார். அவருடைய தொப்பிக்கும் கைத்தடிக்கும் பொருந்தாக் காற்சட்டைக்கும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. வாழைப்பழத்தோலில் வழுக்கி விழுபவன் எந்த நாட்டவனாயினும் விழுகின்ற விதம் ஒன்றே.

ஆனால் ஊமைப்படமும் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் முற்றும் ஊமையாக இருந்ததில்லை. படத்தின் இடையிடையே தோன்றும் ஆங்கில எழுத்துகளை வாசிக்க அறியாத மக்களுக்காக, திரையருகே ஒருவர் நின்று கதையை உரத்த குரலில் விளக்குவது வழக்கமாயிருந்தது. திரையில் துரை ஒருவர் கோபித்துக் கொண்டு கையை ஆட்டினால், அவர் என்ன சொல்கிறார் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை விளக்குபவருடைய நாவுக்கே இருந்தது. துரையின் வாயில் ஊர்ப் பழமொழியை வைத்தாலும் அதைத் தடுப்பார் எவருமிலர். பிற்காலத்தில் இயந்திரங்களைக் கொண்டு செய்யப்பட்ட மொழிமாற்றக் கலைக்கு இவ்விளக்குநரை முன்னோடி என்பது பொருந்தும். பிறநாட்டார் முகத்துக்குத் தமிழ்நாட்டு நாவை முதலிற் பொருத்தியவர் அவரே.

படம் பேசத் தொடங்கியதும் நிலை மாறிற்று. ஹொலிவூட் தயாரிப்பாளர் தம் உலகச் சந்தையை இழக்க நேருமோ என்று அஞ்சினர். அந்த அச்சத்திலிருந்து பிறந்த முயற்சிகளுள் மிகவும் சுவையானது, லோரல், ஹார்டி என்னும் இரட்டையர் செய்தது. மெலிந்தவரும் பருத்தவருமான இவ்விருவரும் 1929ஆம் ஆண்டுக்கும் 1931ஆம் ஆண்டுக்கும் இடையில், தம் படங்கள் பலவற்றை ஸ்பானிய மொழியிலும் பிரெஞ்சு மொழியிலும் பிறமொழிகளிலும் மீண்டும் நடித்தனர். அம்மொழிகள் அவர்களுக்குத் தெரியா. படப்பிடிப்புக் கருவிக்கு அப்பால், ஒலிக்குறிப்பாக எழுதி வைக்கப்பட்ட பலகையைப் பார்த்துப் பார்த்து அவர்கள் வசனத்தை ஒப்புவித்தனர்.

விளைவு விந்தையானது. அவர்களுடைய திக்கலும் தவறான அழுத்தமும் ஐரோப்பிய மக்களை வெறுப்படையச் செய்யவில்லை. மாறாகக் குலுங்கக் குலுங்கச் சிரிக்க வைத்தன. அடுத்து உள்நாட்டு நடிகர்களைக் கொண்டு குரல் சேர்க்கும் முறை வந்தபோது, இத்தாலியக் குரலாளர் ஒழுங்கான இத்தாலியத்தை விடுத்து, ஆங்கிலேயர் இத்தாலியம் பேசினால் எப்படியிருக்குமோ அப்படியே பேசினர். பருத்தவரான ஹார்டிக்கு அவ்வாறு குரல் கொடுத்தவர்களுள் ஒருவரான அல்பர்ட்டோ சோர்டி, பின்னர் இத்தாலியின் தலைசிறந்த நகைச்சுவை நடிகராக விளங்கினார். அமெரிக்க மக்கள் கண்ட லோரல், ஹார்டி வேறு. இத்தாலிய மக்கள் நேசித்த ஸ்டான்லியோ, ஒல்லியோ வேறு. பின்னவர்களின் சிரிப்பில் ஒரு பாதி மூலப்படத்தில் இல்லாதது. செயிற்றியனார் கண்ட ஆரியர் தமிழை அது நினைவூட்டுகிறது.

மூலத்தில் இல்லாத சிரிப்பைக் குரலொன்றே படைத்துவிடவும் கூடும். 1966ஆம் ஆண்டில் வூடி அலன் என்பார் ஜப்பானிய ஒற்றர் படம் ஒன்றை வாங்கி, அதன் குரல்களை அகற்றி, முட்டைக் கறிக்கலவை ஒன்றின் செய்முறையைத் தேடி ஒற்றர்கள் அலைவதாகப் புதிய ஆங்கில வசனம் சேர்த்து வெளியிட்டார். முகங்களும் துப்பாக்கிகளும் முன்பிருந்தவையே. ஆயினும் விறுவிறுப்பான படம் வேடிக்கைப் படமாகிவிட்டது. குரல் மாறினால் படம் மாறும் என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

தமிழிலே மொழிமாற்றத்தின் வரலாறு பக்திக் கதையொன்றோடு தொடங்குகிறது. ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் கன்னடத்தில் எடுத்த ‘ஹரிச்சந்திரா’வை 1944ஆம் ஆண்டில் தமிழ்க் குரலில் வெளியிட்டார். இந்திய மொழி ஒன்றிலிருந்து மற்றோர் இந்திய மொழிக்குக் குரல் மாற்றப்பட்ட முதற் படமாக அது எண்ணப்படுகிறது. 1950களில் ஹிந்திப் படங்கள் இவ்வழியைப் பின்பற்றின. 1961ஆம் ஆண்டில் ‘முகலே ஆசம்’ என்னும் பெரும்படம் ‘அக்பர்’ என்ற பெயரில் தமிழ் பேசிற்று. ஆயினும் வெற்றி பெறவில்லை.

இவ்வாறு வந்தவற்றுட் பெரும்பாலானவை அரசர் கதையாகவும் தெய்வக் கதையாகவும் காதற் கதையாகவும் இருந்தமை தற்செயலன்று. அரசன் செந்தமிழில் பேசலாம். தேவர்களும் அவ்வாறே பேசலாம். செந்தமிழ் எவ்வூர்க்கும் பொது. நகைச்சுவைப் பாத்திரம் செந்தமிழில் பேசினால் எவரும் சிரியார். அது ஏதேனும் ஒரு தெருவின் தமிழைப் பேசியே ஆகவேண்டும். எந்தத் தெரு என்பதே மொழிமாற்றுபவர் முன் நிற்கும் முதற் சிக்கல்.

அதற்கு முன் தொழில்நுட்பச் சிக்கல்கள் சிலவும் உள. திரையில் உதடுகள் மூடும் இடத்தில் குரலிலும் பகரமோ மகரமோ வரவேண்டும்; உதடு திறந்திருக்கையில் அவை வரின் கண்ணும் காதும் பிணங்கும். ஆங்கிலச் சொற்கள் பல ஓரசையில் முடிவன. தமிழ்ச் சொற்களோ விகுதிகளைச் சேர்த்துக்கொண்டு நீள்வன. நடிகர் ஒருவர் இமைப்பொழுதில் வீசியெறியும் மறுமொழியைத் தமிழிற் சொல்லி முடிப்பதற்குள் அவர் வாய் மூடிவிடும். ஆகவே மொழிமாற்றுபவர் பொருளைச் சுருக்குகிறார், அல்லது வேறொரு வேடிக்கையை அவ்விடத்தில் வைக்கிறார்.

சொற்கிடக்கை இதனினும் கடினமானது. வேடிக்கைப் பேச்சில் வியப்பைத் தரும் சொல் இறுதியில் வரவேண்டும். புலியொன்றைக் கண்டேன் என்று முதலிற் சொல்லி, கண்ட இடம் தன் வீட்டுக் குளியல் தொட்டி என்று ஆங்கிலேயர் இறுதியில் வெடிக்கலாம். தமிழின் இயல்பான தொடரிலோ வினை ஈற்றில் நிற்கும். குளியல் தொட்டிக்குள் புலியைக் கண்டேன் என்றால், வெடிக்கவேண்டியது முன்னரே வெடித்துவிடும். இதற்கு ஈடாகத் தமிழுக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. உடன்பாடும் எதிர்மறையும் தமிழில் வினையின் கடைசியிலேதான் தீர்மானமாகின்றன. ஒருவர் நீண்ட வாக்குறுதி ஒன்றை அடுக்கிக் கொண்டே சென்று, கேட்பவர் முகம் மலர்ந்திருக்கும் வேளையில், இறுதியில் ‘மாட்டேன்’ என்று முடிக்கலாம். திறமையுள்ள மொழிமாற்றுநர் இழந்ததைத் தேடி அழாமல், தம் மொழி தருவதைக் கொண்டு கணக்கைச் சரிசெய்கிறார்.

மரியாதைச் சொற்களும் அவ்வாறே. ஆங்கிலத்தில் முன்னிலை ஒன்றே. எசமானனுக்கும் ஏவலாளனுக்கும் அதுவே போதும். தமிழில் குரல் கொடுப்பவர் வாயைத் திறந்த உடனேயே எவர் பெரியவர், எவர் சிறியவர் என்பதைத் தீர்த்துவிட வேண்டும். சென்னைப் பேச்சில் இதற்கு ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் இரண்டு படிகளே உண்டு. யாழ்ப்பாணத்துப் பேச்சிலோ இரண்டுக்கும் இடையே ‘நீர்’ என்னும் படி உயிரோடு நிற்கிறது. சமமானவரிடம் நட்போடு பழகவும், சற்றே எட்ட நிறுத்தி வைக்கவும், மெல்லக் குத்திக்காட்டவும் அந்த ஒரு சொல் உதவும். எசமானனுக்கு நிகராகத் தன்னை எண்ணிக்கொள்ளும் வேலைக்காரன், ஆங்கில நகைச்சுவையிலே அடிக்கடி வருகின்ற பாத்திரம். அவனைத் தமிழாக்குவதற்கு ‘நீர்’ போன்று வாய்ப்பான சொல் பிறிதில்லை. ஆயினும் திரையில் தமிழ் பேசிய பிறநாட்டார் வாயில் அச்சொல் கேட்டது அரிது. ஏனெனில் அவர்களுக்குத் தமிழ் கற்பித்தது சென்னை.

இவ்விடத்தில் பம்பலப்பிட்டியின் நிலையை நோக்குதல் தகும். காலி வீதியின் இருமருங்கும் கடலோரமாக அமைந்த இப்பகுதியில், இந்துக் கல்லூரியும் கதிரேசன் கோயில்களும் ஒருபுறமும், புனித பேதுரு கல்லூரி மற்றொருபுறமும் திகழ, தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் பறங்கியரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தனர். ஆடி வேலின் தேர் செட்டியார் தெருவிலிருந்து இங்கு வந்து தங்கும்போது அதைக் காண்பதற்கு எல்லா இனத்தாரும் கூடினர். யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்தவரின் தமிழ், மலையகத்திலிருந்து வந்தவரின் தமிழ், முஸ்லிம் வணிகரின் தமிழ், தமிழ் கற்ற சிங்களவரின் தமிழ் எல்லாம் ஒரே கடை வாசலில் ஒலித்த இடம் இது.

படங்களுக்கும் இங்கே குறைவிருக்கவில்லை. பம்பலப்பிட்டி மஜெஸ்டிக் படமாளிகையும் வெள்ளவத்தை சவோய் படமாளிகையும் ஆங்கிலப் படங்களுக்குப் பேர்பெற்றவை. மஜெஸ்டிக்கின் பெயரைப் பின்னர் எழுந்த வணிக வளாகம் தாங்கி நிற்கிறது. ஆங்கிலம் கற்றவர் மூலக்குரலிலேயே கேட்டுச் சிரித்தனர். கல்லாதவர் விழுவதையும் எழுவதையும் கண்டு சிரித்தனர். தமிழ்ப் படமென்றால் அது தென்னிந்தியாவிலிருந்து வந்தது. அதன் வேடிக்கை சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் விளைந்தது. கொழும்புத் தமிழர் அச்சிரிப்பை நன்கு கற்றுக்கொண்டனர். ஆனால் அவர்களுடைய சிரிப்பை எவரும் கற்றுக்கொள்ளவில்லை.

அவர்களுடைய சிரிப்பு வானொலியிலே வாழ்ந்தது. சானா என்று அறியப்பெற்ற எஸ். சண்முகநாதன் இலங்கை வானொலியின் தமிழ் நாடகங்களை நெறிப்படுத்திய காலத்தில், ‘இலண்டன் கந்தையா’ போன்ற தொடர்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழை ஒலிபரப்புக்கு உரிய மொழியாக்கின. இலண்டன் என்னும் பெருநகரையும் கந்தையா என்னும் ஊர்ப்பெயரையும் ஒட்டவைத்த தலைப்பிலேயே நகை தொடங்கிவிடுகிறது. முகங்காட்டாத வானொலியில் பாத்திரத்தின் ஊரும் குலமும் தொழிலும் குரலிலேதான் தெரியவேண்டும். ஆகவே வட்டார வழக்கைக் கையாளுவதில் வானொலி நடிகர் பெற்ற பயிற்சி, திரைநடிகர் பெற்றதைவிட நுட்பமானது.

1970களில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்னும் தொடர் இப்பயிற்சியின் முழுப்பயனையும் அறுவடை செய்தது. அதை எழுதிய எஸ். இராமதாஸ் மரிக்காராகவும், ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாகவும், எஸ். செல்வசேகரன் உபாலியாகவும் குரல் கொடுத்தனர். முஸ்லிம் ஒருவரின் தமிழும், யாழ்ப்பாணத்தவர் ஒருவரின் தமிழும், சிங்களவர் ஒருவரின் தமிழும் ஒன்றோடொன்று மோதியும் தழுவியும் நாடெங்கும் சிரிப்பலையை எழுப்பின. 1976இல் அது ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாகவும் வந்தது. உபாலியின் தமிழைக் கேட்டு நேயர் சிரித்தனர். ஆயினும் அச்சிரிப்பிலே பகைமை இல்லை. அந்தத் தமிழ் அவர்களுடைய அயல்வீட்டுக்காரரின் தமிழ். ஆரியர் தமிழைக் கேட்டு நகைத்த பழமையும், அயலவரை ஏற்றுக்கொண்ட புதுமையும் அங்கே கைகோத்தன.

பிறநாட்டு வேடிக்கைப் படங்களை உள்நாட்டுக் குரலிற் கொண்டுவரும் முயற்சி இலங்கையில் நன்கு வேரூன்றியது சிங்கள மொழியிலேயாம். 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள் ரூபவாஹினித் தொலைக்காட்சி தொடங்கிய பின், திரைப்பட நெறியாளரும் படத்தொகுப்பாளருமான டைட்டஸ் தொட்டவத்த அங்கே மொழிமாற்றப் பணியை ஏற்றார். அமெரிக்கக் கேலிச்சித்திரமான ‘பக்ஸ் பனி’ முயல், அவர் கையில் ‘ஹா ஹா ஹரி ஹாவா’ ஆயிற்று. ‘டொப் கட்’ என்னும் தெருப்பூனை ‘பிஸ்ஸு பூஸா’ ஆயிற்று. பெயர்ப்பலகையை மட்டும் அவர் மாற்றவில்லை. நியூ யோர்க் சந்துகளிலே திரிந்த பூனை, சிங்களத் தெருவொன்றின் குறும்பனாகப் பேசிற்று. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அது பிறநாட்டுப் பூனை என்ற எண்ணமே எழவில்லை. சிங்களம் அறிந்த தமிழ்ப் பிள்ளைகளும் அதைக் கேட்டுச் சிரித்தனர்.

அத்தகைய பணி ஈழத்துத் தமிழிலும் பெருகியிருக்கலாம். குரல்கள் இருந்தன, எழுதுவோர் இருந்தனர். ஆனால் காலம் இடந்தரவில்லை. 1983ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்தில் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைத் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. தமிழரான கே. குணரத்தினத்துக்குரிய ஹெந்தளை விஜயா படப்பிடிப்பு நிலையமும், அங்கிருந்த படச்சுருள்களும் தீக்கிரையாயின. கலவர நாட்களில் வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லைச் சொல்லும்படி கேட்டு, சொல்லின் முதலில் நிற்கும் ஒலி பிசகினால் தமிழரென்று கண்டுகொண்ட கொடுமையைத் தப்பிவந்தோர் பலர் சொல்லியிருக்கின்றனர். வானொலியிலே சிரிப்பை எழுப்பிய அதே உச்சரிப்பு வேற்றுமை, வீதியிலே உயிரை வாங்கும் அடையாளமாயிற்று. ஒருவர் பேசும் தோரணை வேடிக்கையாவதும் ஆபத்தாவதும் கேட்பவர் மனத்தைப் பொறுத்தது என்பதை இதனினும் கசப்பாக எவரும் கற்றிருக்க முடியாது.

சென்னைத் திரையுலகம் இதற்கிடையில் மற்றொரு வழியைக் கண்டது. பிறநாட்டு நகைச்சுவைக்கு இரவற் குரல் கொடுப்பதை விடுத்து, கதையை மட்டும் எடுத்துக்கொண்டு உடலையும் குரலையும் தமிழாகவே படைத்துவிடுவது அவ்வழி. 1993இல் வெளிவந்த ‘மிஸிஸ் டவுட்பயர்’ என்னும் அமெரிக்கப் படத்தில், பிரிந்த பிள்ளைகளோடு இருப்பதற்காகத் தந்தை கிழவி வேடம் பூண்டு பணிப்பெண்ணாக வருகிறார். அவர் தொழிலால் கேலிச்சித்திரங்களுக்குக் குரல் கொடுப்பவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. அவருடைய வேடத்துக்கு உரிய பேச்சு, ஸ்கொட்லாந்து நாட்டுக் கிழவியின் ஆங்கிலம். 1996இல் கே. எஸ். ரவிக்குமாரின் நெறியாள்கையில் கமல்ஹாசன் நடித்த ‘அவ்வை சண்முகி’யில் அதே தந்தை, மடிசார் உடுத்த மாமியாகிப் பிராமணர் பேச்சைப் பேசுகிறார். வசனத்தை எழுதியவர் கிரேஸி மோகன். ஸ்கொட்லாந்து ஆங்கிலத்தைத் தமிழில் மொழிபெயர்க்க எந்த அகராதியும் உதவாது. எவருடைய பேச்சு கேட்டவுடன் முதுமையையும் கண்டிப்பையும் அன்பையும் ஒருங்கே நினைவூட்டும் என்று தேடியதன் விடையே அந்த மாமி. பெயரோ, அவ்வையார் வேடத்தில் நாடக மேடையைக் கவர்ந்த டி. கே. சண்முகத்தை நினைவுறுத்துகிறது. மூலத்தில் செய்தித்தாளின் தலைப்பொன்றிலிருந்து பறித்த பெயராக இருந்தது, தமிழில் ஆண் பெண்ணாக நடித்த நாடக மரபுக்கே வணக்கமாயிற்று.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2000ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு அதே நெறியாளரும் நடிகரும் வசனகர்த்தாவும் ‘தெனாலி’யைத் தந்தனர். அதன் சாயல் 1991இல் வெளிவந்த ‘வட் அபவுட் பொப்’ என்னும் அமெரிக்கப் படத்தினது. அப்படத்தில் நியூ யோர்க் வாசியான பொப் என்பவர் எதற்கெடுத்தாலும் அஞ்சுபவர்; தம் மனநல வைத்தியர் விடுமுறைக்குச் சென்ற ஏரிக்கரைக்கே பின்தொடர்ந்து போய், அவருடைய குடும்பத்தாரின் அன்பைப் பெற்று, வைத்தியரைப் பித்தராக்கிவிடுகிறார். அவர் ஏன் அஞ்சுகிறார் என்று படம் ஆழமாக ஆராய்வதில்லை, அச்சமே வேடிக்கை.

தமிழில் அவர் தெனாலி சோமனாகிறார், ஏரிக்கரை கொடைக்கானலாகிறது, வைத்தியரின் தங்கையோடு காதலும் பாட்டுகளும் கதையின் நடுவே இடம்பெறுகின்றன. யாவற்றிலும் பெரிய மாற்றம், தெனாலி ஈழத்திலிருந்து வந்த அகதி என்பதே. அவர் பேசுவது யாழ்ப்பாணத் தமிழ். அதை நடிகருக்குப் பயிற்றுவதில் உதவியவர், ‘கோமாளிகள்’ குழுவிலே பங்குகொண்ட இலங்கை வானொலியின் பி. எச். அப்துல் ஹமீத். கொழும்பு வானொலிக் கூடத்தில் வளர்ந்த குரற்கலை, சுற்றி வளைத்துச் சென்னைத் திரையை அடைந்த வரலாறு இது.

இம்மாற்றத்தால் நகைச்சுவையின் அடித்தளமே மாறிவிட்டது. பொப் அஞ்சுவதற்குக் காரணம் வேண்டியதில்லை. தெனாலி அஞ்சுவதற்கோ ஒரு நாட்டின் போர் காரணமாக இருக்கிறது. எதைக் கண்டாலும் பயம் என்று அவர் அடுக்கும்போது தமிழ்நாட்டு மக்கள் அடுக்கின் நீளத்துக்காகச் சிரித்தனர். அதே அடுக்கைக் கொழும்பிலே கேட்டவருக்கு ஒவ்வோர் அச்சமும் முகவரியோடு தெரியும். அவர்களும் சிரிக்கலாம், ஆயினும் அந்தச் சிரிப்பு தொண்டையிற் சிறிது தங்கியே வெளிவரும்.

இதில் நன்மையும் குறையும் உண்டு. ஈழத்தவர் பேச்சு தமிழ்ப் படத்தின் கதாநாயகனுக்குரிய பேச்சாக உயர்ந்தது நன்மை. அந்தப் பேச்சு கேட்டவுடன் சிரிப்பதற்குரியது என்னும் பழக்கமும் கூடவே வளர்வது குறை. ‘கோமாளிகள்’ தொடரில் யாழ்ப்பாணத் தமிழ் பல தமிழ்களுக்கு நடுவே ஒன்றாக நின்றது; ஒவ்வொருவரும் சிரித்தனர், ஒவ்வொருவரும் சிரிக்கப்பட்டனர். ‘தெனாலி’யிலோ அது தனித்து நிற்கிறது, சுற்றியுள்ளோர் தமிழே இயல்பு எனவும், அவருடையது விலகல் எனவும் காது கொள்கிறது. செயிற்றியனார் ஆரியர் தமிழுக்கு அளித்த இடத்தில், தமிழர் ஒருவரின் தமிழே சென்று அமர்ந்துவிட்டது.

இரவற் குரலும் அவ்வழியைக் கைவிடவில்லை. 2019ஆம் ஆண்டில் ‘லயன் கிங்’ தமிழ்க் குரல் பெற்றபோது, அதன் இணைபிரியா வேடிக்கை விலங்குகளான டிமோனுக்கும் பும்பாவுக்கும் சிங்கம்புலியும் ரோபோ சங்கரும் குரல் கொடுத்தனர். குரலைக் கேட்டவுடன் தமிழ்ப் படம் பார்த்துப் பழகியவர் அந்நடிகரின் முகங்களை நினைத்துச் சிரிப்பர். ஆப்பிரிக்கக் காட்டின் பன்றி ஒரே நொடியில் ஊராரின் உறவாகிவிடுகிறது. தொட்டவத்த சிங்களத்திலே செய்ததும் இதுவே. நகைச்சுவை மொழிமாற்றத்தின் வெற்றி, பிறநாட்டுச் சிரிப்பை அப்படியே கொண்டுவருவதில் இல்லை. அச்சிரிப்புக்கு உள்ளூரில் ஓர் ஆளைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது.

அவ்வாறாயின், அந்த உள்ளூர் எந்த ஊர் என்பதே எஞ்சும் வினா. சந்தை பெரிதாக உள்ள இடத்தின் தமிழே திரைக்குச் செல்லும். அது வணிகத்தின் இயல்பு. கோடம்பாக்கம் கோடம்பாக்கத்துத் தமிழைப் பேசுவதிற் குற்றமில்லை. ஆனால் ஒரே ஊரின் சிரிப்பைக் கேட்டுக் கேட்டு வளரும் பிள்ளை, தன் பாட்டியின் பேச்சிலுள்ள வேடிக்கையை வேடிக்கையென்று உணராமற் போகக்கூடும். ‘நீர்’ என்னும் சொல்லிலே எவ்வளவு குறும்பு அடங்கியிருக்கிறது என்பதை அப்பிள்ளைக்கு எந்தத் தொலைக்காட்சியும் சொல்லித் தருவதில்லை.

இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை என்பதை வானொலியின் வரலாறு காட்டுகிறது. ஒரு கூடமும் ஓர் ஒலிவாங்கியும் நான்கு நடிகரும் இருந்த இடத்திலிருந்தே மரிக்காரும் அப்புக்குட்டியும் உபாலியும் பிறந்தனர். பிறநாட்டு வேடிக்கைப் படமொன்றை ஈழத்துத் தமிழிலே பேசவைக்க விரும்புவார்க்கு அந்த முன்மாதிரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அந்நாள் வருமாயின், லோரலும் ஹார்டியும் காலி வீதியில் பேருந்துக்குக் காத்துநின்று, ஒருவரையொருவர் ‘நீர்’ என்று அழைத்துப் பிணங்குவதைக் கேட்கலாம். பம்பலப்பிட்டியிலே அதைக் கேட்பவர், அவர்களைப் பிறநாட்டார் என்று ஒரு கணமும் நினையார்.